தேடிப் போகிற வேலை

கேட் திறந்தபோது முத்துமாரி உள்ளே வரவில்லை. சின்ன மகளை மட்டும் உள்ளே தள்ளிவிட்டுச் சுவரோரம் நின்றாள். சேலைத் தலைப்பு விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்ந்துகொண்டும் இருந்தது. தாராவியில் காலை வேளையில் எந்தத் தாயும் பள்ளி வாசலில் சும்மா நிற்பதில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரம் அது. எனக்கு முன்பே சங்கரேஸ்வரி டீச்சர் அவளைப் பார்த்துவிட்டார்.

"என்ன முத்துமாரி, லீவு கேட்டு வந்திருக்கியா?"

"ஆமா டீச்சர். சின்னவளுக்கு ஒரு வாரம். உத்திரத்துக்கு ஊருக்குப் போறோம்."

"வண்டி என்னைக்கு?"

"நாளைக்கு சாயங்காலம்."

"ஷாலினி?"

முத்துமாரி தரையைப் பார்த்தாள். ஷாலினி அவளுடைய மூத்த பெண். எங்கள் பத்தாம் வகுப்பு. போர்டு பரீட்சை நடந்துகொண்டிருந்தது. கடைசித் தாளான புவியியல் நாளை மறுநாள்.

நான் மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவுக்கு ரயில்வே ஆபீசில் வேலை. எங்கள் வீட்டில் பங்குனி உத்திரம் ஒரு பாயசத்தோடு முடிந்துவிடும். இந்தப் பள்ளிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாஸ்தா உண்டு. குளத்தங்கரையிலோ காட்டு ஓரத்திலோ இருக்கும் அவர் முன்னால் உத்திரத்தன்று குடும்பம் மொத்தமும் நின்று பொங்கல் வைக்க வேண்டும். அந்த வாரம் தாராவியில் சில சந்துகளே பூட்டிக் கிடக்கும். முன்பு இருந்த தலைமையாசிரியர் ஒவ்வொரு பங்குனியிலும் சத்தம் போடுவார். பெயரை அடித்துவிடுவேன் என்பார். பிள்ளைகள் ஆண்டுத் தேர்வை விட்டுவிட்டுப் போய், நெற்றியில் திருநீறோடு திரும்பி வருவார்கள். அவர் மறுபடி சேர்த்துக்கொள்வார். அடுத்த பங்குனியில் மறுபடி சத்தம்.

சங்கரேஸ்வரி டீச்சர் பொறுப்புக்கு வந்த வருடம் பங்குனிக்காகக் காத்திருக்கவில்லை. தீபாவளி விடுமுறை முடிந்ததுமே வகுப்பு வகுப்பாகப் போய், யாருக்கு எந்த ஊர் சாஸ்தா என்று கேட்டார். ரயில் முன்பதிவு தொடங்கும் வாரத்தில் பெற்றோரைக் கூப்பிட்டார். "உத்திரம் இன்ன தேதி. அதுக்கு முந்தி பரீட்சைய முடிச்சுத் தாறேன். அதுக்குப் பிறகு டிக்கெட் போடுங்க" என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள். பத்தாண்டுக் கூச்சல் ஒரே கூட்டத்தில் நின்றது. நான் அந்தப் பள்ளியின் சூப்பர்வைசர், அவருக்கு அடுத்த பொறுப்பு. அவரைவிட இரண்டு மூன்று வயது சின்னவன். எனக்கு இது தோன்றியிருக்காது.

போர்டு பரீட்சைத் தேதி மட்டும் அவர் கையில் இல்லை. இந்த வருடம் அது தள்ளிப் போனது. ஷாலினியின் அப்பா இசக்கிராஜ் இந்த முறை கூட்டத்துக்கு வரவில்லை. போன வருடத் தேதியை மனதில் வைத்துக்கொண்டு நாலு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டார்.

"அவரு எப்ப வீட்டுல இருப்பாரு?"

"இருட்டுனப் பிறகு சோறு திங்க வருவாரு டீச்சர். திரும்பி பட்டறைக்குப் போயிருவாரு."

"சரி, நான் வாறேன். ஷாலினிய இப்பப் படிக்கச் சொல்லு. போறமா இருக்கமான்னு அவகிட்ட ஒண்ணும் பேசாத."

அவ்வளவுதான். டீச்சர் மாடியேறி ஆறாம் வகுப்புக்குள் போனார். பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கும் நேரம் அது. காலையில் பத்து மணி வரை அவருடைய போன் மேசை இழுப்பறைக்குள் கிடக்கும். கல்வி அலுவலகம் மதியத்துக்குள் ஏதோ எண்ணிக்கை கேட்கும். கழிவறையில் தண்ணீர் நின்றிருக்கும். யாரோ ஒரு பையனை யாரோ அடித்துவிட்டதாக ஒரு மாமா கேட்டில் நின்று கத்துவார். எல்லாம் பத்து மணிக்கு மேல். ஒரு முறை கல்வி அலுவலகத்திலிருந்து ஆளே வந்து நின்றபோது, "சார், ஒரு பத்து நிமிசம் உக்காருங்க, புள்ள ஒரு பக்கம் முடிக்கட்டும்" என்றார். அவர் உட்கார்ந்தார். பிறகு அவரும் அந்தப் பிள்ளை வாசிப்பதைக் கேட்டார்.

டீச்சரிடம் வேலை இரண்டு வகை. நாம் தேடிப் போகிற வேலை. நம்மைத் தேடி வருகிற வேலை. "ரெண்டாவது எப்படியும் வரும், ஹரி சார். அது நடந்தே வரும். மொதல்ல உள்ளதுக்கு நாமதான் நடக்கணும்." இதை அவர் கூட்டத்தில் சொன்னதில்லை. படியிறங்கும்போது சொன்னார், யாரோ சிந்திய சோற்றைத் தாண்டிக்கொண்டே.

போன மழைக்காலத்தில் என் மனைவி ருக்கு இறந்துபோனாள். காய்ச்சல். ஒரு வாரம்கூட இல்லை. ஆசிரியர்கள் எல்லோரும் வந்தார்கள். எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். சொன்னேன். அடுத்தவர் கேட்டார். மறுபடி சொன்னேன். சங்கரேஸ்வரி டீச்சர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்ச் சமையலறையில் கேஸ் அடுப்பைத் திறந்து பார்த்தார். சிலிண்டர் காலி. புக் பண்ணிவிட்டுப் போனார். வேலைக்குத் திரும்பிய அன்று, "ஒன்பதாம் வகுப்புக்குக் காலையில வாசிப்பு பாக்க ஆளில்ல. நீங்க பாருங்க" என்றார். பார்த்தேன். அன்றிலிருந்து மணி அடித்தால் எழுந்தேன், போன் வந்தால் பேசினேன். நானாக ஒன்றும் செய்யவில்லை. அதற்கு அவசியம் இருந்ததாகவும் தெரியவில்லை.

அன்று ஆசிரியர் அறையில் விஷயம் பரவிவிட்டது. கணக்கு ஆசிரியர் பைசான் கொதித்தான். சின்னப் பையன், தாராவியிலேயே பிறந்தவன், ஷாலினிக்கு இரண்டு வருடம் கணக்கு சொல்லிக் கொடுத்தவன்.

"க்யா பாகல்பன் ஹை, சார்! என்ன பைத்தியக்காரத்தனம்! பத்து வருசம் படிச்சுட்டு ஒரு பேப்பருக்காக... நான் இப்பவே போய் அவருகிட்ட பேசுறேன்."

"என்ன பேசுவே?"

"சண்ட போடுவேன்."

டிரஸ்டின் செயலாளர் கணேசபாண்டியன் போனில் வந்தார். பலசரக்கு மொத்த வியாபாரம். குரலில் எப்போதும் மூட்டை இறங்கும் சத்தம் இருக்கும். டீச்சர் பத்து மணிக்கு மேல்தான் போனை எடுத்து அவரைத் திருப்பிக் கூப்பிட்டார். எதிரே இருந்த எனக்கே கேட்டது.

"நம்ம ஸ்கூலு ரிசல்ட் என்னத்துக்கு ஆகுறது? அவன நாளைக்கு என் கடைக்கு வரச் சொல்லுங்க. ஒரு அதட்டு போட்டம்னா எல்லாம் சரியாயிரும்."

"நாளைக்கு நீங்க ஊருக்குப் போறீய இல்லையா அண்ணாச்சி?"

"நான் பிளைட்டுல்லா போறேன். அதுக்குள்ள அதட்டிருவேன்."

"நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி. சாஸ்தாவ நல்லாக் கும்பிட்டு வாங்க."

போனை வைத்தார். சிரிக்கவில்லை. ஜூலையில் துணைத் தேர்வு இருக்கிறதே என்று நான் சொன்னேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"ஜூலை வரைக்கும் அவ வீட்டுல இருந்தாள்னா பிறகு வீட்டுலதான் இருப்பா ஹரி சார். பட்டறையில பேக்குக்கு வார் தைக்க ஆள் வேணும். மாப்பிள்ள கேட்டு வர ஆள் இருக்கு. ஒரு பேப்பர் இல்ல இது."

இருட்டியதும் அவரும் நானும் பைசானும் போனோம். சந்தில் ஆள் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். வீட்டுக்குள் பெட்டிகள் பாதி அடுக்கியிருந்தன. மேலே பலகைப் பரணில் ஷாலினி புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். தொங்கிய கால்கள் மட்டும் தெரிந்தன. இசக்கிராஜ் கையைக் கழுவிவிட்டு நின்றார். சண்டைக்குத் தயாராக இருந்தார். தோல் பசை காய்ந்த விரல்கள்.

"டீச்சர், டிக்கெட்ட கேன்சல் பண்ணச் சொல்ல வந்திருந்தீங்கன்னா வேண்டாம்."

"கேன்சல் பண்ண வேண்டாம். பொங்கல் என்னைக்கு?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. சொன்னார். டீச்சர் தரையில் உட்கார்ந்து எந்த சாஸ்தா, எந்தக் குளம், வண்டியில் இறங்கி எந்த பஸ் என்றெல்லாம் கேட்டார். அவர் சொல்லச் சொல்ல உட்கார்ந்துவிட்டார். ஷாலினிக்கு மூன்று வயதில் மஞ்சள் காமாலை வந்து பிழைத்ததும், பதினைந்து வயதில் அவளைக் கொண்டுவந்து நிறுத்திப் பொங்கல் வைப்பதாக நேர்ந்ததும் அப்படித்தான் வெளியே வந்தது.

"அவள இங்க யாருகிட்டயும் விட்டுட்டும் போக முடியாது. உங்ககிட்டன்னாலும்தான். உத்திரத்தன்னைக்கு அவ அங்கன நிக்கணும் டீச்சர். நான் வாக்கு குடுத்திருக்கேன். ஆளுகிட்ட இல்ல."

"வாக்க மாத்தச் சொல்லல. பரீட்ச மத்தியானத்தோட முடியுது. அன்னைக்கு சாயங்கால வண்டியில ஏறுனா உத்திரத்துக்கு முந்தின நாளே அங்க இருப்பா. முத்துமாரியும் அவளும் அதுல வரட்டும். நீங்க சின்னவளோட முன்னால போங்க."

"டிக்கெட்டு?"

"நாளைக்கு தத்கால் போடுதோம்."

இசக்கிராஜ் சிரித்தார். "உத்திரத்துக்கு தத்காலா! டீச்சர், அதுக்கு நீங்க சாமியவே இங்க கொண்டாந்துரலாம்."

"கெடைக்கலன்னா நானே அவளக் கூட்டிட்டு வந்து உங்க வண்டியில ஏத்திவிடுதேன்."

பரணில் கால்கள் அசைவதை நிறுத்தின. இசக்கிராஜ் டீச்சரைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

வெளியே வந்ததும் பைசான் பொரிந்தான். "மிஸ், எதுக்கு அப்படிச் சொன்னீங்க? கிடைக்கலன்னா முடிஞ்சுதே!"

"அவருக்குத் திரும்பிப் போக ஒரு வழி வேணும்லா. இல்லன்னா இப்பவே கதவ அடைச்சிருப்பாரு."

மறுநாள் விடிவதற்கு முன் நான் செம்பூர் ஸ்டேஷன் முன்பதிவு ஜன்னலில் நின்றேன். வீடு பக்கம். தூக்கமும் எனக்குப் பெரிதாக வருவதில்லை. எனக்கு முன்னால் இரண்டு பேர். பள்ளியில் ஆறு பேர் ஆறு போனில். டீச்சர் ராத்திரியே எல்லோருக்கும் வேலை பிரித்திருந்தார்: பெயர், வயது, ஆதார் எண் முன்கூட்டியே ஏற்றி வைக்க வேண்டும், பணம் யாருடைய கணக்கிலிருந்து, யார் ஏசி, யார் சிலீப்பர். பதினொன்றுக்கு ஜன்னல் திறந்தது. முதல் ஆள் வாங்கினார். இரண்டாவது ஆளின் படிவத்தில் ஏதோ தப்பு. கிளார்க் திருப்பிக் கொடுத்தார். என் முறை வந்தபோது கிளார்க் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெயிட்டிங்." தத்காலில் வெயிட்டிங் என்றால் ஏற முடியாது. பைசான் கூப்பிட்டான்.

"சார், பேமெண்ட் போச்சு, திரும்பி வந்துச்சு. ஸாலா, சும்மா சுத்திக்கிட்டே இருக்கு. ஆறு பேருக்கும் இல்ல. நீங்க?"

"இல்ல."

பள்ளிக்குத் திரும்பியபோது ஷாலினி தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்தே அங்குதான். வீட்டில் மூட்டை கட்டும் சத்தத்தில் படிக்க முடியாது, இங்கிருந்தே ஸ்டேஷனுக்கு வந்துவிடுவாள் என்று டீச்சர் முத்துமாரியிடம் சொல்லியிருந்தார். அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அழவில்லை. பக்கத்தைத் திருப்பினாள்.

ஆசிரியர் அறையில் பைசான் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். "மிஸ், போகாதீங்க. புள்ளைய இங்கயே வச்சுக்கலாம். டிராஃபிக், ஆட்டோ கிடைக்கலன்னு சொல்லலாம். வண்டி அவங்களுக்காக நிக்குமா? போயிடும். நாளைக்கு அவ எழுதிடுவா. அவரு வந்து நாலு நாள் கத்துவாரு. கத்தட்டும்."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அறையில் இருந்த எல்லோருக்கும் பட்டிருக்கும். டீச்சர் முகத்தில் களைப்பு இருந்தது. அதை நான் அன்றுதான் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"அவ எழுதிருவா, பைசான். அடுத்த வருசம் இன்னொரு வீட்டுக் கதவத் தட்டணும். அப்ப யாரு தெறப்பா?"

"அதுக்காக இந்தப் புள்ளைய..."

"ஆமா. எனக்கும் தெரியும். போதும்." பாட்டிலை மேசையில் வைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "ஹரி சார், சாயங்காலம் வர முடியுமா?"

குர்லா டெர்மினஸில் தாராவியே இடம் பெயர்ந்து வந்ததுபோல் இருந்தது. அரிசி மூட்டை, வெல்லம், வெண்கலப் பானை, புது வேட்டி. ஆட்டோவில் வரும்போது டீச்சர் ஷாலினியிடம் அறிவுரையாக ஒன்றும் சொல்லவில்லை. எந்தக் கேள்வியில் தடுமாறுகிறாள் என்று கேட்டுக் கேட்டு, படித்ததைச் சொல்லச் சொல்லிக்கொண்டே வந்தார், நாளைக்குப் பரீட்சை எழுதப் போகிறவளிடம் பேசுவதுபோல. ஷாலினியும் சொல்லிக்கொண்டே வந்தாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

பெட்டி வாசலில் இசக்கிராஜ் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் ஏனோ வாடியது. நாங்கள் வரமாட்டோம் என்று நினைத்திருப்பார் போல. ஷாலினி ஏறினாள். டீச்சர் அவளுடைய தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"டிக்கெட்டு கெடைக்கல," என்றார். "சொன்னபடி கூட்டிட்டு வந்துட்டேன்."

"வேற ஒண்ணும் சொல்லலியே டீச்சர்," என்றார் இசக்கிராஜ்.

"சொல்ல வேண்டியத நேத்தே சொல்லிட்டேனே."

டீச்சர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஜன்னலை விட்டு இரண்டடி தள்ளி நின்றார். கையைக் கட்டவில்லை, முறைக்கவில்லை. பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு வழியனுப்புகிறவர் மாதிரி நின்றார். உள்ளே முத்துமாரி சின்னவளுக்கு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஷாலினி ஜன்னலோரத்தில் புத்தகத்தை மடியில் வைத்து, விரலை நடுவே விட்டு, விட்ட இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டுக்காரர், "ஏட்டி, ஊருக்குப் போயுமா படிக்கப் போற?" என்று கேட்டுச் சிரித்தார். உள்ளே வந்த இசக்கிராஜ் அவளைப் பார்த்தார். வெளியே டீச்சரைப் பார்த்தார். மறுபடி அவளை. உட்கார்ந்தார். எழுந்தார்.

வண்டி ஊதியது.

"எந்திரி," என்றார் இசக்கிராஜ்.

"என்னப்பா?"

"எந்திரிங்கேன்லா! எறங்கு. நாம நாளைக்கு ஜெனரல் பெட்டியில வருவோம். ரெண்டு ராத்திரி நின்னா செத்தா போவோம்?"

"ஏங்க, நான் தனியா..." என்று முத்துமாரி தொடங்கினாள்.

"ரயிலு பூரா சொந்தக்காரனுவதான இருக்கான்! சின்னவள மட்டும் புடிச்சுக்கோ."

ஷாலினி எழுந்தவள் நின்றுவிட்டாள். "அப்பா, ஹால் டிக்கெட்! அம்மா கவர்ல போட்டு பெட்டிக்குள்ள வச்சிருக்கா."

முக்கியமான காகிதம் எல்லாம் ஒரே கவரில். கவர் சூட்கேஸில். சூட்கேஸ் மற்ற எல்லாப் பெட்டியோடும் சேர்த்து இருக்கைக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. திருட்டுக்குப் பயந்து இசக்கிராஜே கட்டியது. அவர் தரையில் குப்புற விழுந்து இருக்கைக்கு அடியில் தலையை விட்டார். "சாவி! சாவிய எடுட்டி!" முத்துமாரி தாலிக்கயிற்றோடு கோத்திருந்த சாவியைக் கழற்ற முடியாமல் அப்படியே கழுத்தோடு குனிந்தாள். இருவர் தலையும் முட்டியது. வண்டி அசைந்தது. டீச்சர் ஷாலினியின் கையைப் பிடித்து இறக்கினார். நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டியோடு நடந்தேன். நடை ஓட்டமானது. உள்ளேயிருந்து சூட்கேஸ் வந்து என் மார்பில் இடித்தது. வாங்கினேன். பின்னாலேயே இசக்கிராஜ் குதித்தார். இரண்டு எட்டு தடுமாறி என் தோளைப் பிடித்து நின்றார்.

"ஏங்க! எஞ் சீலையெல்லாம் அதுலதான இருக்கு!" முத்துமாரியின் குரல் ஜன்னல் ஜன்னலாக நகர்ந்து போனது.

எனக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சில் சூட்கேஸ் இடித்த இடம் வலித்தது. சூட்கேஸைக் கீழே வைக்கத் தோன்றாமல் கட்டிப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

கடைசிப் பெட்டி போனதும் பிளாட்பாரம் சட்டென்று அகலமாகிவிட்டது. டீச்சர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கண்ணாடியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். திரும்பியபோது, "நாளைக்குப் பத்தரைக்கு சென்டர்ல இருக்கணும்" என்றார்.

இசக்கிராஜ் தலையாட்டினார். அவர் கையில் சங்கிலி இருந்தது, திறந்த பூட்டு அதன் நுனியில் ஆடியது. அதைப் பார்த்ததும் அவசரமாகப் போனை எடுத்தார். "ஏ முத்து, சங்கிலி எங்கிட்ட இருக்கு. பானைய காலுக்கு நடுவுல வச்சுக்கோ. தூங்கிராத."

ஷாலினி விளக்குக்கு அடியில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்திருந்தாள். பக்கம் முழுக்க ஒரு வரைபடம். அவள் பென்சிலால் ஓர் ஆற்றைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தாள். இசக்கிராஜ் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். சங்கிலியை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது எந்த ஊருட்டி?"

"பிரேசில்ப்பா."

"எவ்வளவு பெரிசா கெடக்கு," என்றார் அவர். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் பென்சிலை எடுக்காமல் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.